வலைகள் வளரும் விதம்

1940களின் இறுதியில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் ஆசிரியராயிருந்த டெரிக் டி சொல்லா பிரைஸ் என்ற ஆங்கிலேயர், தம் பொறுப்பில் விடப்பட்டிருந்த லண்டன் ராயல் சொசைட்டியின் பழைய சஞ்சிகைத் தொகுதிகளைப் பத்தாண்டுக்கு ஓர் அடுக்காகச் சுவரோரம் வைத்தபோது, அடுக்குகளின் உயரம் மடங்கு மடங்காக ஏறிச்செல்வதைக் கண்டார்.

விஞ்ஞானக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிப் பின்னும் வலையை 1965-ல் ஆராய்ந்த அவரே, 1976-ல் அதற்கொரு கணித மாதிரியும் வகுத்தார். புதிதாகப் பிறக்கும் கட்டுரை, முன்னமே மேற்கோள் மிகப் பெற்ற கட்டுரையை நாடும் வாய்ப்பே அதிகம் என்பது அதன் சாரம். ஆனால் ஒரு மேற்கோளும் பெறாதது என்றென்றும் அநாதையாய் நின்றுவிடுமே என்று, ஒவ்வொன்றின் கணக்கிலும் ஆரம்பத்திலேயே ஒன்றைக் கூட்டிவைத்தார். எத்தனை நுட்பமான சிந்தனை!

பராபாசி, ஆல்பர்ட் என்னும் ஆய்வாளர்கள் 1999-ல் இத்தத்துவத்தைத் தாமாகவே கண்டு, இணையப் பக்கங்களின் வலைக்கும் அது பொருந்தும் என்று காட்டிய பின்னரே அது பிரசித்தி அடைந்தது. முந்திப் பிறந்ததற்கே இணைப்புகளைச் சேர்க்க அதிகக் காலம் கிட்டுவதால், இத்தத்துவப்படி மூத்ததற்கே முதலிடம். எனினும் அவ்விதி மட்டும் மெய்யான வலைக்குப் போதாது. பிந்திவந்த கூகுள் தனக்கு முந்திய தேடுபொறிகளை விஞ்சியது எவ்விதம்? ஆகவே 2001-ல் பியான்கோனி என்ற ஆய்வாளரும் பராபாசியும் ஒவ்வொரு கணுவுக்கும், அதாவது வலையில் இணைப்புகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதற்கே உரிய தகுதியைக் கணக்கில் சேர்த்தார்கள்.

2005-ல் லெஸ்கோவெச், கிளைன்பெர்க், ஃபலூட்சோஸ் என்னும் ஆய்வாளர்கள், வலை பெருகப் பெருகக் கணுக்களைவிட இணைப்புகளே விரைந்து பெருகுகின்றன என்றும், கணுக்களுக்கு இடையேயுள்ள தூரம் சுருங்குகின்றது என்றும் காட்டினார்கள். பழைய மாதிரிகளோ அத்தூரம் மெல்ல வளரும் என்றே கூறிவந்தன.