அடியைத் திருப்பிப் பாருங்க: பயணத்துல வாங்கின சீனப் பீங்கான் பழசா, புதுசா?

இந்த எபிசோடுல ஒரு கிண்ணத்தைப் பத்திப் பேசப் போறேன். எங்க வீட்டு ஷோகேஸ்ல ஒன்றரை வருஷமா இருக்கற கிண்ணம்.

ஆபீஸ் வேலையா பெய்ஜிங் போயிருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கோமேன்னு பழைய பொருள் விக்கற ஒரு சந்தைக்குப் போனேன். அங்கதான் இதைப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான், மேல ரோஸ் கலர்ல பெரிய பெரிய பூ, பச்சை இலை. அடியில நீலத்துல ஆறு சீன எழுத்து. கடைக்காரர் போன்ல மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து காட்டினார்: "மிங் வம்சம். 500 வருஷம்." விரலால சுண்டினார், மணி மாதிரி சத்தம் வந்துது. 3,000 யுவான்ல ஆரம்பிச்ச பேரம் 900ல முடிஞ்சுது. நம்ம ஊர்க் காசுக்கு சுமார் பத்தாயிரம். பேரத்துல ஜெயிச்ச சந்தோஷத்துல நான் வேற எதையும் யோசிக்கல.

ஊருக்கு வந்து அப்பாகிட்ட குடுத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும், "பையன் சீனாலேர்ந்து கொண்டு வந்தான், ஐநூறு வருஷப் பழசு"ன்னு எடுத்துக் காட்டுவார்.

போன மாசம் தங்கச்சி கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போட்டுட்டு இருந்தோம். கொஞ்சம் இடிச்சுது. அப்பா ரொம்ப சாதாரணமா சொன்னார்: "கடைசில பத்தலைன்னா அந்தக் கிண்ணத்தை வித்துடலாம்டா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மனுஷன் அதை நிஜமாவே கணக்குல சேர்த்து வச்சிருக்கார். அன்னிக்கு ராத்திரிதான் நான் அந்தக் கிண்ணத்தை முதல் தடவையா ஒழுங்காப் பார்த்தேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நம்ம சாஃப்ட்வேர் வேலையில ஒண்ணு சொல்வோம்: நூறு டெஸ்ட் பாஸ் ஆனாலும் பக் இல்லைன்னு அர்த்தமில்லை, ஆனா ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனா பக் இருக்கறது நிச்சயம். பழம்பொருளும் இப்படித்தான். எந்த ஒரு அடையாளமும் "இது பழசு"ன்னு நிரூபிக்காது. ஆனா பொருந்தாத ஒரே ஒரு விஷயம் கிடைச்சா, "சொன்ன காலத்துது இல்லை"ன்னு நிரூபிச்சிடும். அதனால "இது பழசா இருக்க என்ன ஆதாரம்?"னு தேடாதீங்க. "இது பழசா இருந்தா எது இருக்கவே கூடாது?"ன்னு தேடுங்க.

முதல் டெஸ்ட், அடியில இருக்கற முத்திரை. என் கிண்ணத்துல இருந்த ஆறு எழுத்துக்கு அர்த்தம், "மகா மிங் வம்சத்தின் செங்ஹுவா ஆட்சிக் காலத்தில் செய்தது." செங்ஹுவா பேரரசர் காலம்னா 1465லேர்ந்து 1487 வரைக்கும். அந்தக் காலத்துல செஞ்ச, கோழிப் படம் போட்ட ஒரு சின்னக் கோப்பை 2014ல ஹாங்காங் ஏலத்துல 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல போச்சு. உள்ளங்கையில அடங்கற சைஸ்தான் அது.

ஆனா இந்த முத்திரையை யார் வேணும்னாலும் எழுதலாம். எழுதியும் இருக்காங்க. 1662லேர்ந்து 1722 வரைக்கும் இருந்த காங்ஷி காலத்துலயே, ஜிங்தேஜென் நகரத்துக் கலைஞர்கள் பழைய கலைஞர்கள் மேல இருந்த மரியாதையில தங்கள் பாத்திரங்கள்ல செங்ஹுவா முத்திரை போட்டிருக்காங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல செஞ்ச நிறைய பொருள்ல காங்ஷி முத்திரை இருக்கும். அதாவது, முத்திரை பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

அடியில ஆங்கிலத்துல 'சைனா'ன்னு இருந்தா அது வேற கதை. இறக்குமதிப் பொருள்ல எந்த நாட்டுதுன்னு எழுதணும்னு அமெரிக்கா 1891லேர்ந்து கட்டாயமாக்கிச்சு. அதனால அந்த எழுத்து இருக்கற பொருள் பொதுவா அதுக்கு அப்புறம் வந்தது. எழுத்து இல்லைன்னா பழசுன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க.

ரெண்டாவது டெஸ்ட், நிறம். என் கிண்ணம் இங்கதான் விழுந்துச்சு. அந்த ரோஸ் கலர் தங்கத்தோட நுண்துகள்லேர்ந்து வர்றது. சீனப் பீங்கான்ல அது சுமார் 1720க்கு அப்புறம்தான் பரவலா வருது. 1995ன்னு தேதி போட்ட பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இருந்தா என்ன நினைப்பீங்க? அதே மாதிரிதான், 1480ல செஞ்ச கிண்ணத்துல இந்த ரோஸ் பூ பூக்காது. ஐநூறு வருஷம் அங்கயே போச்சு.

சரி, ஐநூறு இல்லைன்னா இருநூறா இருக்கலாமே? எனக்கும் அந்த நப்பாசை இருந்துது. அதனால மூணாவது டெஸ்ட், லென்ஸ். நகைக்கடையில வைரம் பார்க்கறதுக்கு வச்சிருப்பாங்களே, பத்து மடங்கு பெரிசாக் காட்டறது. கையால வரைஞ்சிருந்தா தூரிகை எங்க அழுத்தமா போச்சு, எங்க தூக்கிச்சுன்னு தெரியும். நியூஸ்பேப்பர் போட்டோவைக் கிட்டப் பார்த்தா புள்ளி புள்ளியா வரிசையாத் தெரியுமில்ல? என் கிண்ணத்துப் பச்சை இலை முழுக்க அந்த மாதிரிப் புள்ளிகள். அச்சடிச்ச படத்தை ஒட்டி, சூளையில சுட்டிருக்காங்க. இருநூறும் போச்சு.

நாலாவது டெஸ்ட், அடி வளையம். கிண்ணம் தரையில உட்கார்ற இடத்துல கண்ணாடி மாதிரிப் பூச்சு இருக்காது, களிமண் வெளியில தெரியும். நூறு வருஷம் மேஜையில வச்சு எடுத்தா கீறல் இஷ்டத்துக்கு எல்லாத் திசையிலயும் விழும். தரையைத் தொடற இடத்துல மட்டும்தான் விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா ஒரே திசையில ஒரே அளவா இருக்கும், எதுவும் படவே முடியாத குழியிலயும் இருக்கும். என்னோடதுல குழியிலயும் கீறல் இருந்துது. அழுக்கையும் பாருங்க. டீத்தண்ணி, சேறு, ஷூ பாலிஷ்னு தடவிப் பழசாக்குவாங்க. ஈரப் பஞ்சால துடைச்சேன், பாதி பழுப்பு பஞ்சுல வந்துடுச்சு. புதுப் பளபளப்பைக் குறைக்க ஆசிட்ல கழுவறதும் உண்டு.

நம்பக்கூடாத டெஸ்ட்டும் சிலது இருக்கு. சுண்டினா மணிச் சத்தம் வருதா, வெளிச்சத்துல பிடிச்சா விரல் நிழல் தெரியுதான்னு பார்ப்பாங்க. ரெண்டும் இது விரிசல் இல்லாத நல்ல பீங்கான்னு சொல்லும், வயசைச் சொல்லாது. பூச்சுல மெல்லிசா வலை மாதிரி ஓடற வெடிப்பும் அப்படித்தான். அது களிமண்ணும் பூச்சும் வேற வேற அளவுல சுருங்கறதால வர்றது. அழகுக்காக வேணும்னே வரவச்சுக் கறை ஏத்துவாங்க.

லேப்ல டெஸ்ட் பண்ண முடியாதான்னு கேக்கலாம். முடியும். அடியில துளியூண்டு குடைஞ்செடுத்து, கடைசியாச் சுட்டதுக்கு அப்புறம் அதுல எவ்வளவு கதிர்வீச்சு சேர்ந்திருக்குன்னு அளப்பாங்க. அதுக்கும் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. உடைஞ்சு போன நிஜமான பழைய பாத்திரத்தோட அடியை எடுத்துப் புதுக் கிண்ணத்துல பொருத்திடுவாங்க. அடி மட்டும் பாஸ் ஆகும்!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1911க்கு முந்தின கலைப்பொருளைச் சீனாவை விட்டு வெளிய கொண்டு போகத் தடை இருக்கு. 1949க்கு முந்தின பலதுக்கு அனுமதி வேணும். அப்ப யோசிங்க: சந்தையில ஒருத்தர் "இது மிங்"னு சொல்லி, எந்தப் பேப்பரும் இல்லாம உங்க பையில போட்டு அனுப்பறார். அவர் சொல்றது பொய்யா இருந்தா நீங்க ஏமாந்துட்டீங்க. உண்மையா இருந்தா ஏர்போர்ட்டுல மாட்டுவீங்க. ரெண்டுமே நமக்கு வேண்டாம்.

கடைசில எல்லாத்தையும் விடப் பெரிய ஆதாரம், அந்தப் பொருள் எங்கேர்ந்து வந்துதுங்கற வரலாறுதான். நம்ம ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்துல அகழாய்வு பண்ணப்ப 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைச்சுது. எல்லாம் உடைஞ்சது, விக்கறதுக்கு லாயக்கு இல்லை. ஆனா எந்த இடத்துல, எந்த மண் அடுக்குல கிடைச்சுதுன்னு பதிவு இருக்கு. அந்த வகையில, முத்திரை போட்ட என் முழுக் கிண்ணத்தை விட அந்தச் சில்லுக்கு மதிப்பு அதிகம்.

அதுக்காக வாங்கவே வாங்காதீங்கன்னு சொல்லல. கடையில நிக்கறப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: "இது போன வாரம் செஞ்சதுன்னு தெரிஞ்சாலும் இந்த விலை குடுப்பேனா?" ஆமான்னா, தாராளமா வாங்குங்க.

அப்பாகிட்ட மறுநாள் லென்ஸைக் குடுத்து அந்தப் புள்ளிகளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாம, கணக்கு நோட்டுல ஒரு வரியை அடிச்சார். எவ்வளவுன்னு எழுதியிருந்தார்னு நான் எட்டிப் பார்க்கல. அம்மாதான், "அப்ப இனிமே பாயசம் ஊத்திக்கலாம்"னாங்க. அதுவும் கூடாது. பூச்சுக்கு மேல தீட்டற இந்த வண்ணங்கள்ல ஈயம் இருக்கலாம். அதனால அது இன்னும் ஷோகேஸ்லதான் இருக்கு. கல்யாணத்துக்கு நான் ஒரு பர்சனல் லோன் போட்டிருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பொருள் இருந்தா, இன்னிக்கே அடியைத் திருப்பிப் பாருங்க.