போட்டோ டிவிடி: படம் மங்குவது ஏன்?

கல்யாண போட்டோக்களை ஸ்லைடுஷோவாக டிவிடியில் பதிந்து டிவியில் பார்த்தால் முகங்கள் மங்கலாகத் தெரிகின்றனவா? தவறு கேமராவில் இல்லை. பிஏஎல் டிவிடியில் ஒரு ஃபிரேமின் அளவு 720 × 576 பிக்சல்தான். சுமார் 4 லட்சம் பிக்சல். 5 மெகாபிக்சல் போட்டோவில் இருப்பதோ 50 லட்சம். இந்த எல்லையைத் தாண்ட முடியாது. கிடைக்கும் தரத்தை வீணாக்காமல் இருக்கலாம்.

பிட்ரேட்: டிவிடி வீடியோவின் உச்சவரம்பு 9.8 எம்பிபிஎஸ். 8 என்று அமையுங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஒலி: பிசிஎம் 1.5 எம்பிபிஎஸ் வரை விழுங்கும். ஏசி-3 எனில் 192 கேபிபிஎஸ் போதும்.

எஃபெக்ட்: அசையாத படத்துக்கு அதிக பிட்கள் தேவையில்லை. ஒரு படம் கரைந்து அடுத்தது வரும்போதுதான் எல்லாப் பிக்சல்களும் மாறி, கட்டம் கட்டமாக உடைகிறது. எஃபெக்ட்களைக் குறையுங்கள்.

நடுக்கம்: பழைய டிவியில் சேலைக்கரையின் மெல்லிய கோடுகள் துடிக்கும். இன்டர்லேஸ் முறையே காரணம். ஆண்டி-ஃபிளிக்கர் வசதி இருந்தால் தேர்வு செய்யுங்கள்.

முக்கியமாக, ஸ்லைடுஷோ தயாரானதும் ஒரிஜினல் படங்களை அழித்துவிடாதீர்கள். 4 லட்சம் பிக்சலிலிருந்து நல்ல பெரிய பிரிண்ட் போட முடியாது. அவற்றைத் தனியாக டேட்டா டிஸ்க்கிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் பத்திரப்படுத்துங்கள்.