ஈயம் நீங்கிய இணைப்பு

வானொலிப் பெட்டியின் உட்புறத்தைப் பார்த்த நேயர்கள், அதன் உறுப்புகள் வெள்ளிபோல் மின்னும் சிறு துளிகளாற் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அத்துளிகளுக்குப் பற்றாசு என்று பெயர். நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். மலிவு, எளிதில் உருகுதல், உறுதியாகப் பற்றுதல் என்னும் மூன்று குணங்களாலும் இக்கலவை இலத்திரனியற் றொழிலில் நெடுங்காலம் தனியாட்சி செலுத்திற்று.

ஆயினும் ஈயம் ஒரு நஞ்சு. எறியப்பட்ட கருவிகள் உலோகத்தை மீட்பதற்காக உடைக்கப்படும்போதும் எரிக்கப்படும்போதும் அந்நஞ்சு மண்ணையும் நீரையும் காற்றையும் அடைகின்றது. வளரும் குழந்தையின் மூளையை அது சிறப்பாகத் தாக்கி, கற்கும் ஆற்றலைக் குன்றச் செய்கின்றது. எனவே கல்விப் பணியில் உள்ளோருக்கு இஃது அயலார் விவகாரமன்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2003 ஜனவரியில் ஒரு பணிப்புரையை இயற்றி, 2006 ஜூலை முதலாந் தேதி தொடக்கம் நடைமுறைப்படுத்தியது. ஈயம், இரசம், கட்மியம், அறுவலுக் குரோமியம் என்பவற்றோடு, தீப்பற்றாமைக்காகப் பிளாத்திக்கிற் சேர்க்கப்படும் இரு வகைப் புரோமீன் சேர்வைகளும் அதனாற் கட்டுப்படுத்தப்பட்டன. கட்மியத்துக்கு எல்லை நூற்றுக்கு 0.01 பங்கு; ஏனையவற்றுக்கு 0.1 பங்கு.

இவ்வெல்லை எதனைக் குறித்துக் கணிக்கப்படுகின்றது என்பதே நுட்பமான இடம். கருவி முழுவதன் நிறையைக் கொண்டு கணிப்பதில்லை. பிரித்தெடுக்கத்தக்க ஒவ்வொரு சீரான பொருளையும் தனித்தனியே நோக்குகின்றனர். விருந்திலே பரிமாறிய உணவு அனைத்தையும் சேர்த்து உப்பை அளவாமல், குழம்பையும் சொதியையும் வெவ்வேறாகச் சுவைத்துப் பார்ப்பது போன்றது இது. ஓர் ஆணியின் மேற்பூச்சு எல்லையை மீறினும் கருவி முழுவதும் விலக்கப்பட்டதாகிவிடும்.

இத்தகைய சட்டத்தின் வன்மையை உலகம் முன்னரே கண்டிருந்தது. 2001ஆம் ஆண்டின் இறுதியில், நத்தார்க் காலத்தை அண்டி, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகள் ஏறத்தாழ 13 இலட்சத்தை ஒல்லாந்து நாட்டு அதிகாரிகள் தடுத்து வைத்தனர். குற்றம் கருவியின் மூளையில் இருக்கவில்லை. அதனோடு இணைந்த வடங்களில் கட்மியம் மிகுந்திருந்தது. வடமோ பிறர் செய்து வழங்கிய உறுப்பு. ஆகவே, கருவியை அமைப்பவர் தம் கைவேலைக்கு மாத்திரமன்றி, தமக்குப் பொருள் வழங்குவோரின் கைவேலைக்கும் சான்று காட்டவேண்டியவராகின்றார்.

இனி, ஈயத்தை நீக்கியதால் விளைந்த இடர்களை நோக்குவோம். அதற்கு மாற்றாகப் பெரிதும் வழங்கும் பற்றாசில் 96.5 பங்கு வெள்ளீயமும் 3 பங்கு வெள்ளியும் அரைப் பங்கு செம்பும் உள்ளன. இஃது உருகுவதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். சூளையின் வெப்பநிலையோ அதனினும் மேற்செல்லும். பழைய வெப்பத்துக்கென அமைந்த பிளாத்திக்கு உறுப்புகள் அங்கே உருக்குலையக்கூடும். ஈரம் உறிஞ்சிய நுண்சுற்றுகள் நீராவியின் அழுத்தத்தால் வெடிக்கக்கூடும். ஆதலால் ஒரு பற்றாசை மாற்றப் புகுந்தவர் உறுப்புகள் பலவற்றையும் மாற்ற நேர்ந்தது.

இதனினும் விந்தையானது உலோக மயிரிழை. ஈயம் கலவாத வெள்ளீயப் பூச்சிலிருந்து, தலைமயிரினும் மெல்லிய இழைகள் தாமாகவே முளைத்து நீளும். அவை அயலிலுள்ள முனையைத் தொட்டாற் குறுஞ்சுற்று உண்டாகும். கட்மியப் பூச்சிலும் இவ்வியல்பு உண்டு. 1940களில் வானொலிக் கருவிகளின் மாறு கொள்ளளவிகள் இதனாற் பழுதுற்றன. 1998 மே மாதத்தில் கலக்சி 4 என்னும் செய்மதி செயலிழந்து, ஐக்கிய அமெரிக்காவில் இலட்சக்கணக்கான அழைப்புக் கருவிகள் ஊமையானதற்கும் வெள்ளீய மயிரிழையே காரணமெனக் கூறப்பட்டது. சிறிது ஈயம் சேர்த்தால் இவ்வளர்ச்சி அடங்கும். அம்மருந்தையே சட்டம் விலக்கியமையால், செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் இடையே நிக்கற் படை இடுதல், பூச்சைச் சூடாக்கிப் பதப்படுத்துதல் முதலிய உபாயங்களைப் பொறியியலாளர் கைக்கொண்டனர்.

சட்டம் இவ்விடர்களை அறியாததன்று. போர்க் கருவிகளும் விண்வெளிக் கருவிகளும் அதன் எல்லைக்குப் புறம்பானவை. 85 பங்கும் அதற்கு மேலும் ஈயம் கொண்ட உயர்வெப்பப் பற்றாசுக்குத் தகுந்த மாற்றில்லாமையால் விலக்களிக்கப்பட்டது. எனினும் விலக்குகள் காலவரையறைக்கு உட்பட்டவை, கட்டுப்பாடுகளோ வளர்வன. 2019 ஜூலை முதல் பிளாத்திக்கை மென்மையாக்கும் தலேற்றுச் சேர்வைகள் நான்கும் அப்பட்டியலிற் சேர்ந்தன. இன்று ஏற்புடைய உறுப்பு நாளை ஏலாததாகலாம்.

ஆகவே, கருவியை அமைப்போர் மின்னோட்டத்தை மாத்திரம் கணித்தல் போதாது. ஒவ்வோர் உறுப்பும் எதனாலானது, அதற்கு எழுத்துமூலச் சான்று உண்டா, மாற்று எங்கே கிடைக்கும் என்பவற்றை வரைபடம் தீட்டும்போதே வினாவுதல் வேண்டும். அவ்வினாக்கள் பொருளின் விலையைச் சிறிது உயர்த்தலாம். ஆனால் அவற்றை வினாவாது விட்டாற் செலுத்தவேண்டிய விலையை, அக்கருவியை ஒருபோதும் வாங்கியிராத, குப்பைமேட்டின் அருகே வாழும் குழந்தையே செலுத்த நேரும்.