தீர்ந்துபோன போத்தலும் உம்மும்மாவின் கூரையும்

உக்குவளையில் இருந்த உம்மும்மாவின் பழைய ஓட்டு வீடு உடைக்கப்பட்டு இரண்டு வருடங்களாகின்றன. கடந்த விடுமுறையில் அந்த வீட்டை மட்டையாலும் களிமண்ணாலும் சிறிய உருவாகச் செய்யத் தொடங்கினேன். கூரையின் ஒரு பக்கம் முடிந்ததும், நானா கட்டாரிலிருந்து கொண்டுவந்த கபிலநிற 'வாஷ்' தீர்ந்துவிட்டது. அந்த வகையை இப்போது தயாரிப்பதில்லை என்று நானா விசாரித்துச் சொன்னார்.

வாஷ் என்பது மிக மெல்லிய நிறக்கரைசல். மேலே பூசினால் அது பள்ளங்களுக்குள் ஓடித் தங்கும். அங்கே நிழல் விழுந்ததுபோலத் தெரியும். ஓட்டுக்கு ஓடு பிரிந்து தெரிவது அதனால்தான்.

இப்படி நின்றுபோவது புதிதல்ல. சிற்றுரு செய்வோர் உலகெங்கும் பாவிக்கும் சிட்டாடல் வர்ணங்களிலும் 2012இல் பழைய வாஷ் வரிசை நிறுத்தப்பட்டு, 'ஷேட்' என்ற புதிய வரிசை வந்தது.

எனக்கு வழி காட்டியது நமது மாத்தளை மாவட்டத்து ஹபுவிட கிராமத்தின் அரக்கு வேலை. சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, தூரிகையின்றி நகத்தால் அழுத்தி அலங்கரிப்பார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் இந்த நகவேலையைப் பதிவு செய்துள்ளார். அன்று சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் அரக்கில் கலந்தார்கள். ஒன்றில் பாதரசமும் மற்றதில் ஆசனிக்கும் உண்டு. அந்த நச்சுத் தூள்கள்தான் வேண்டுமென்பதில்லை. நிறம் தருவது தூள். அதைப் பிடித்து வைத்திருப்பது அரக்கு. தேடவேண்டியது பெயரை அல்ல, அது செய்யும் வேலையைத்தான் என்று விளங்கியது.

வாஷில் நிறம், நீர், பசை ஆகிய மூன்றும் வேண்டும். நான் கலந்த அளவு இது: கபில அக்ரிலிக் 1 கரண்டி, நீர் 6 கரண்டி, வெள்ளை மரப்பசை 1 கரண்டி, கறுப்பு ஒரு பொட்டு. பசை இல்லாவிட்டால் காய்ந்தபின் நிறம் தூளாக உதிரும். வெறும் நீர் மேற்பரப்பு இழுவிசையால் முத்து முத்தாக நிற்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பல்குத்தும் குச்சி நுனியால் தொட்டுக் கலந்தால் அது பள்ளத்துக்குள் ஓடும். கூடினால் நுரைக்கும்.

அடி வர்ணம் நன்றாகக் காய்ந்த பிறகே பூசவேண்டும். தேங்கினால் உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுக்கலாம். முதலில் உதிரி ஓடொன்றில் பூசி, காய்ந்த பின்பே நிறத்தை ஒப்பிடுங்கள்; ஈரத்தில் பசை பால்போலத் தெரிந்து ஏமாற்றும். நான் நான்கு ஓடுகளை வீணாக்கிய பிறகே நிறம் கிட்ட வந்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே நிறமில்லை.

பயத்தோடுதான் உம்மும்மாவிடம் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தவர், நிறம் மாறிய பக்கத்தை விரலால் தடவினார்.

"இந்தப் பக்கத்து ஓடு மழைக்கு உடஞ்சி பொறகு மாத்தினதுதானே மகள். ஒனக்கு யாரு சொன்ன?"