குறைவாகப் பெருக்கினால் நிறையத் தெரியும்!

குட்டி நண்பர்களே, பிறந்த நாளுக்கு உங்களுக்கு ஒரு தொலைநோக்கி பரிசாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருட்டியதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறீர்கள். பெட்டிக்குள் கட்டைவிரல் நீளத்தில் இரண்டு மூன்று குட்டிக் குழாய்கள் இருக்கின்றன. எதில் மிகப் பெரிதாகத் தெரியுமோ, அதைத்தானே முதலில் மாட்டுவீர்கள்?

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தேடுகிறீர்கள். ஒரே இருட்டு! எப்படியோ ஒரு நட்சத்திரம் அகப்படுகிறது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அது ஓடி மறைந்துவிடுகிறது. நாலு நாள் இப்படியே போனால், அப்புறம் தொலைநோக்கிக்குப் பரண்தான் வீடு!

தொலைநோக்கி மேல் தப்பில்லை. மாட்டிய குட்டிக் குழாய்தான் தப்பு. அதற்கு 'ஐபீஸ்' என்று பெயர். உங்கள் பாடப் புத்தகம் கண்ணருகு லென்ஸ் என்று சொல்லும்.

முதலில் ஒரு சோதனை

ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியாக எதிர் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் காக்கையைத் தேடுங்கள். கஷ்டமாக இருக்கிறதா? இப்போது செய்தித்தாளை அகலமாகச் சுருட்டி அதன் வழியாகப் பாருங்கள். காக்கை உடனே கிடைத்துவிடும்!

அதிக மடங்கு பெருக்கும் ஐபீஸ், அந்த ஸ்ட்ரா மாதிரி. குறைந்த மடங்கு பெருக்கும் ஐபீஸ், சுருட்டிய செய்தித்தாள் மாதிரி.

கணக்கு ரொம்ப சுலபம்

தொலைநோக்கியின் மேல் அதன் குவியத் தூரம் எழுதியிருக்கும். ஐபீஸ் மேலும் அதன் குவியத் தூரம் இருக்கும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால், எத்தனை மடங்கு என்பது வந்துவிடும்.

150 மி.மீ. அகலக் கண்ணாடியும், 750 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். நிறையப் பேர் வாங்கும் அளவு இது.

25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 750 ÷ 25 = 30 மடங்கு.

10 மி.மீ. போட்டால் 75 மடங்கு.

4 மி.மீ. போட்டால் 187 மடங்கு!

எண் சின்னதானால் மடங்கு கூடும். கவனித்தீர்களா?

அடுத்து, வானத்தில் எவ்வளவு இடம் தெரியும் என்று பார்ப்போம். ஒவ்வொரு ஐபீஸுக்கும் ஒரு பார்வைக் கோணம் உண்டு. 'பிளோசல்' என்ற வகைக்கு அது சுமார் 50 டிகிரி. வியன்னாவைச் சேர்ந்த கியோர்க் சைமன் பிளோசல் 1860ல் வடிவமைத்தது, இன்றும் விற்கிறது! அந்தக் கோணத்தை மடங்கால் வகுக்க வேண்டும்.

30 மடங்கில் 50 ÷ 30, அதாவது ஒன்றே முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. 75 மடங்கில் முக்கால் டிகிரிகூட இல்லை. 187 மடங்கில் கால் டிகிரிதான்!

முழு நிலாவின் அகலம் அரை டிகிரி. கார்த்திகைக் கூட்டத்தின் பிரகாசமான நட்சத்திரங்களோ இரண்டு நிலா அகலத்துக்குப் பரவியிருக்கின்றன. அப்படியென்றால் 75 மடங்கில் அந்தக் கூட்டம் முழுசாகத் தெரியாது. 30 மடங்கில் அழகாக அடங்கிவிடும்.

பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி நகர்கிறது. கால் டிகிரி இடத்தை ஒரு நட்சத்திரம் ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். தம்பி வருவதற்குள் அது ஓடிப்போன காரணம் இதுதான்!

கலிலியோவுக்குக் கிடைக்காத காட்சி

1610ல் கலிலியோ வெளியிட்ட புத்தகத்தில் கார்த்திகைக் கூட்டத்தின் படம் இருக்கிறது. வெறும் கண்ணால் ஆறு நட்சத்திரம் பார்த்த இடத்தில் அவர் 36 நட்சத்திரங்களை வரைந்திருந்தார். அவருடைய தொலைநோக்கி சுமார் 20 மடங்கு பெருக்கியது. ஆனால், ஒரு சமயத்தில் கால் டிகிரிதான் தெரியும். பாதி நிலா! கூட்டம் முழுவதையும் வரைய, அவர் குழாயை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது.

உங்கள் தொலைநோக்கியில் 32 மி.மீ. பிளோசல் போட்டால் சுமார் 23 மடங்கு. ஏறத்தாழ அவருடைய மடங்குதான். ஆனால், 2 டிகிரி வானம் தெரியும். அவர் பார்த்ததைப் போல எட்டுப் பங்கு அகலம்! கூட்டம் முழுசும் ஒரே காட்சியில், சுற்றிலும் கரிய வானத்தோடு தெரியும்.

அப்படியானால் 40 மி.மீ. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள்! இரண்டு எல்லைகள் இருக்கின்றன.

ஒன்று, நம் கண். ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றைக்கும் ஓர் அகலம் உண்டு. கண்ணாடியின் அகலத்தை மடங்கால் வகுத்தால் அது தெரியும். 25 மி.மீ. ஐபீஸில் 150 ÷ 30 = 5 மி.மீ. 40 மி.மீ. ஐபீஸில் 8 மி.மீ. இருட்டில் நம் கண்ணின் பாவை விரிவது 7 மி.மீ. வரைதான். பெரியவர்களுக்கு அதைவிடக் குறைவு. மிச்ச ஒளி கண்ணுக்குள் நுழையாது. ஏறத்தாழ கால் பங்கு ஒளி வீண்!

இரண்டாவது, குழாயின் அகலம். சாதாரண ஐபீஸின் குழாய் 1.25 அங்குலம். 32 மி.மீ. பிளோசலிலேயே அந்தக் குழாய் காட்டக்கூடிய அதிகபட்ச வானம் வந்துவிடுகிறது. 40 மி.மீ. போட்டால் பார்வைக் கோணம் 43 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். காசும் போச்சு, புது வானமும் இல்லை!

நகரத்துப் பிள்ளைகளுக்கு

தெருவிளக்கு வெளிச்சத்தில் 32 மி.மீ. ஐபீஸ் வானத்தைச் சாம்பல் நிறமாகக் காட்டும். அதற்கும் ஒரு வழி உண்டு. 68 டிகிரி பார்வைக் கோணம் கொண்ட 24 மி.மீ. ஐபீஸ் கிடைக்கிறது. அது 31 மடங்கு பெருக்கும். ஆனாலும் அதே 2 டிகிரி வானம் தெரியும். பின்னணி கொஞ்சம் கறுப்பாகும். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். விலை மட்டும் கூடுதல். மலிவான அகலக் கோண ஐபீஸ்களில், ஓரத்து நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் சிறகு விரித்த பறவைபோல இழுபடும். வாங்கும் முன் ஒருமுறை மாட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னும் அகலமான 82 டிகிரி ஐபீஸை அமெரிக்காவின் அல் நாக்லர் வடிவமைத்தார். அப்பல்லோ வீரர்கள் நிலவில் இறங்கப் பழகிய பயிற்சிக் கருவிக்கு லென்ஸ் அமைத்தவர் அவர்!

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு 32 மி.மீ. பிளோசல் வசதி. கண்ணை ஒட்டி வைக்காமலே முழுக் காட்சியும் தெரியும்.

எதையும் வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். 25 மி.மீ. ஐபீஸ் உள்ளே இருந்தால், முதல் மாதத்துக்கு அதுவே போதும்.

கார்த்திகை மாதத்தில் மாலையிலேயே அந்தக் கூட்டம் கிழக்கே எழும்பும். தீபத்தன்று நிலா வெளிச்சம் அதிகம். ஐந்தாறு நாள் கழித்துப் பாருங்கள். முன்னிரவில் நிலா இருக்காது. தம்பியை நிதானமாகக் கூப்பிடலாம். நட்சத்திரங்கள் காத்திருக்கும்!

எச்சரிக்கை: எந்த ஐபீஸ் ஆனாலும் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: குவியத் தூரம் 800 மி.மீ. உள்ள தொலைநோக்கியில் 32 மி.மீ. பிளோசல் மாட்டினால் எத்தனை மடங்கு? எவ்வளவு வானம் தெரியும்?

(விடை: 25 மடங்கு, சுமார் 2 டிகிரி. நான்கு நிலா அகலம்!)