உங்களுக்குத் தெரியுமா? – போர் தின்றதைக் கணக்கெடுப்பவர்கள்

● போர் முடியட்டும், பிறகு கணக்குப் பார்க்கலாம் என்று உக்ரைன் காத்திருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை நுழைந்தது. அந்த ஆண்டு ஜூன் 1 வரை நேர்ந்த சேதத்தை எண்ணி, செப்டம்பரிலேயே முதல் அறிக்கை வந்துவிட்டது. உக்ரைன் அரசு, உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம் மூன்றும் சேர்ந்து தயாரித்தது. அடுத்த சுற்றில் ஐ.நா.வும் இணைந்தது. மீண்டெழ 34,900 கோடி டாலர் வேண்டும் என்றது முதல் அறிக்கை. 2024 டிசம்பர் வரையிலான நிலவரத்தைச் சொன்ன நான்காம் அறிக்கையில் அது 52,400 கோடி. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே எதற்கு எண்ண வேண்டும்? கூரை போன வீட்டைப் பனிக்காலத்துக்குள் மூடியாக வேண்டும். எந்த ஊரில் எத்தனை மின்மாற்றி போயிற்று என்று தெரிந்தால்தான் வாங்கி அனுப்ப முடியும்.

● சேதம் வேறு, இழப்பு வேறு, தேவை வேறு. இந்த அறிக்கைகளில் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரு மாவு மில் மீது குண்டு விழுந்தால், இடிந்த சுவரும் நசுங்கிய இயந்திரமும் சேதம். மில் மூடிக்கிடந்த மாதங்களில் கைக்கு வராமல் போன வருமானம் இழப்பு. இன்றைய விலையில், முன்பைவிட உறுதியாக எழுப்ப ஆகும் செலவு தேவை. போருக்காகப் பிறந்த முறை அல்ல இது. பூகம்பமும் புயலும் விட்டுச் சென்றதை அளக்க, லத்தீன் அமெரிக்காவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் 1970களில் உருவாக்கியது.

2023 ஜூன் 6 அன்று உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்ததே, அதன் கணக்கைப் பாருங்கள். சேதம் சுமார் 279 கோடி டாலர். இழப்போ 1,100 கோடிக்கும் மேல். அணை போனதால் கால்வாய் வறண்டது, வயல் காய்ந்தது, நகரங்களுக்குக் குடிநீர் நின்றது, நீர்மின்சாரம் போயிற்று. இடிந்ததை மட்டும் எண்ணியிருந்தால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கணக்கிலேயே வந்திருக்காது.

● இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுப் போனதும், லண்டன் மாநகர ஆட்சியின் கட்டடக்கலைத் துறையினர் தெருத் தெருவாகப் பார்த்து, பெரிய அளவு வரைபடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். அடியோடு அழிந்தது கறுப்பு. பழுதுபார்க்கவே முடியாதது ஊதா. பலத்த சேதம், சரிசெய்ய முடியுமா என்பதே சந்தேகம் என்றால் அடர்சிவப்பு. பலத்த சேதம்தான், ஆனால் செலவழித்தால் மீட்கலாம் என்றால் இளஞ்சிவப்பு. அதற்கும் கீழே ஆரஞ்சு, மஞ்சள். பறக்கும் குண்டும் ராக்கெட்டும் விழுந்த இடங்களில் வட்டங்கள். அந்தத் தாள்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஒரே தெருவில் கறுப்புக்கு அடுத்து மஞ்சள், அதற்கடுத்து மறுபடி ஊதா. ஒரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் எனக்குக் காட்டியதில்லை.

எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இழப்பீடு இல்லை. 1941-ல் பிரிட்டன் கொண்டுவந்த போர்ச்சேதச் சட்டத்தில், சரிசெய்யக்கூடிய வீட்டுக்குப் பழுதுபார்க்கும் செலவு; மொத்தமாகப் போன வீட்டுக்கு அதன் மதிப்பு.

● இப்போது முதல் பார்வை வானத்திலிருந்து. குண்டு விழுந்ததற்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் ஐ.நா.வின் யூனோசாட் மையம் பெயர் பெற்றது. மேகம் மறைத்தாலும் இரவானாலும் ரேடார் செயற்கைக்கோள் பார்க்கும். ஆனால் மேலிருந்து தெரிவது கூரைதான். கூரை முழுதாக நிற்க, பக்கச் சுவர் விரிசல் விட்டு, சன்னல் எல்லாம் சிதறிய அடுக்குமாடி படத்தில் நன்றாக இருப்பதாகவே தோன்றலாம். ஆகவே, நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். இதற்கு மாற்றே கிடையாது.

● பின்னால் எண்ண வேண்டுமென்றால், முன்னால் என்ன இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். போலந்துத் தலைநகர் வார்சாவை நாஜிப் படைகள் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கின. நகரின் பழைய கட்டடங்களைப் போருக்கு முன்பே கட்டடக்கலை மாணவர்களும் பேராசிரியர்களும் அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்திருந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்த வரைபடங்களை ஊருக்கு வெளியே கடத்தி ஒளித்துவைத்தார்கள். 1945 பிப்ரவரியில் தலைநகர் புனரமைப்பு அலுவலகம் தொடங்கியபோது, அவைதான் கைகொடுத்தன. 18-ஆம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெலோத்தோ தீட்டிய நகரக் காட்சி ஓவியங்களையும் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். மறுபடி எழுந்த அந்தப் பழைய நகரம் 1980-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

● இராக்கின் மோசுல் நகரில் 2017-ல் சண்டை ஓய்ந்தபோது கிடந்த இடிபாடு சுமார் 76 லட்சம் டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டது. காஸாவில் 2024 ஜூலை மாதத்திலேயே அது 4.2 கோடி டன். இதை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. கட்டடத்தின் தரைப்பரப்பு, மாடிகள், கட்டிய பொருள் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள். லாரி வைத்து அள்ளிக் கொட்டிவிடவும் முடியாது. உள்ளே வெடிக்காத குண்டு இருக்கும், ஆஸ்பெஸ்டாஸ் தூள் இருக்கும், மீட்கப்படாத உடல்கள் இருக்கும். தங்கள் பிள்ளை அங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் பக்கத்திலேயே காத்திருக்கிறார்கள். டன் கணக்கு எழுதுபவர் இதை ஒரு கணமும் மறக்கக் கூடாது.

● வெளிக்கு எந்தச் சேதமும் தெரியாத நிலம்தான் சில வேளை பெரிய சேதம். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு பொழிந்தது. கொத்துக்குண்டுகளின் உதிரிகளில் கோடிக்கணக்கானவை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. இன்றும் உழவர்கள் சாகிறார்கள்.

இலங்கையின் வடக்கே முகமாலையிலும் அதே கதைதான். அரசுப் படையும் விடுதலைப் புலிகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்ற முன்னரங்கு அது. 2009-ல் போர் முடிந்து பத்தாண்டு கடந்தும் கண்ணிவெடி அகற்றும் வேலை ஓயவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால், முகக்கவசமும் பாரமான அங்கியும் அணிந்து, வெயிலில் வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பவர்களில் பலர் பெண்கள். குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். அவர்கள் 'சரி' என்று சொன்ன பிறகுதான் காணிக்காரர் தன் காணிக்குள் கால் வைக்கலாம்.

● கணக்கு சரியாக இருந்தும் பணம் வராமல் போவதுண்டு. இலங்கையில் 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா., உலக வங்கி மூன்றும் வடகிழக்கின் தேவைகளை மதிப்பிட்டன. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் இலங்கைக்கு 450 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, அதை அமைதி முயற்சியின் முன்னேற்றத்தோடு முடிச்சுப் போட்டன. விடுதலைப் புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. 2006-ல் மறுபடி போர். இராக்கிலும் இப்படித்தான்: 2018-ல் மதிப்பிட்ட தேவை 8,820 கோடி டாலர், குவைத் மாநாட்டில் வாக்குறுதியாகக் கிடைத்தது சுமார் 3,000 கோடி.

● வீடு இடிந்தவர்களில் மிகவும் திண்டாடுபவர் காகிதம் இல்லாதவர். ஓடும்போது காணி உறுதியை எடுக்க மறந்தவர், உறுதியே கணவர் பெயரில் இருக்கக் கணவர் காணாமல்போனவர், வாடகைக்கு இருந்தவர். சேதப் படிவம் முதலில் கேட்பது சொத்துரிமையைத்தான். இது மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். முடியுமா என்று கேட்பவர்கள் அடுத்த செய்தியைப் படியுங்கள்.

● 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேன் படைகள் குவைத்தில் புகுந்தன. பிழைக்கப் போயிருந்த லட்சக்கணக்கானோர் உடுத்திய துணியோடு பாலைவனம் தாண்டி ஓடினார்கள். இந்தியா தன் குடிமக்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை விமானத்தில் அழைத்துவந்தது. சம்பள பாக்கி, வங்கிச் சேமிப்பு, வீட்டுச் சாமான் எல்லாம் அங்கே. எதற்கும் ரசீது இல்லை. 1991-ல் ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையத்துக்குச் சுமார் 27 லட்சம் மனுக்கள் வந்தன. ஆணையம் எடுத்த முடிவு இரண்டு. முதலாவது, பெரிய நிறுவனங்கள் காத்திருக்கட்டும், தனிமனிதர்களுக்கு முதலில். இரண்டாவது, ஊரைவிட்டு ஓட நேர்ந்தவருக்கு இழப்பை நிரூபிக்கச் சொல்லாமல் நிர்ணயத் தொகை: தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000. அந்த நாளில் அங்கே இருந்தார், வெளியேறினார் என்பதைப் பயணப் பதிவுகளோடு கணினியில் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். நாடற்றிருந்த பாலஸ்தீனர்களின் மனுக்களை ஐ.நா. அமைப்புகளே சமர்ப்பித்தன. பணம் இராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து வந்தது. மொத்தம் 5,240 கோடி டாலர். சுமார் 15 லட்சம் மனுதாரர்கள். கடைசித் தவணை 2022 ஜனவரியில், குவைத் பெட்ரோலிய நிறுவனத்துக்கு.

● உக்ரைன் போருக்கும் ஒரு சேதப் பதிவேடு இருக்கிறது. 2023 மே மாதம் ஐரோப்பிய கவுன்சில் அமைத்தது. தலைமையகம் தி ஹேக். 2024 ஏப்ரல் 2 முதல் வீட்டுச் சேதத்துக்கான மனுக்களை வாங்குகிறது. உக்ரைனியர் கைபேசியில் வைத்திருக்கும் 'தியா' என்ற அரசுச் செயலி வழியாகவே அனுப்பலாம். பதிவேடு பணம் தராது; யாருக்கு, எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது என்பதை ஆதாரத்தோடு வாங்கிவைக்கும். வீடு மட்டுமின்றி, உறவினர் சாவு, காயம், ஊரைவிட்டு விரட்டப்பட்டது ஆகியவற்றுக்கும் அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.