இடுகாட்டிலிருந்து எழுந்த வரலாறு

ஒரு நகரின் தொடக்கக் குடியேறிகளுக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்படும்போது, அதில் விடுபட்டோர் யார் என்பதையே நாம் முதலில் கேட்கிறோம். நியூயார்க்கைத் தம் உழைப்பால் உருவாக்கிய ஆப்பிரிக்கர்களைத் தன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க டிரினிட்டி தேவாலயம் 1697இல் தடைவிதித்தது. ஊரெல்லைக்கு வெளியே அவர்கள் புதைக்கப்பட்ட நிலத்தின்மீது பின்னாளில் கட்டடங்கள் எழுந்தன. 1991இல் அரசு அலுவலகம் கட்டத் தோண்டியபோது அந்த இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. கறுப்பின மக்களின் போராட்டமே அகழ்வை நிறுத்தியது. 2003இல் அவை அங்கேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அவ்விடம் தேசிய நினைவிடமாயிற்று.

இடுகாட்டில் தீண்டாமை பாராட்டுவது நம் நாட்டிலும் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனினும் சாதிக்கொரு சுடுகாடு தொடர்கிறது. ஊரை உருவாக்கியோர் வரிசையில் சேரி மக்களும் இடம்பெறாதவரை எந்த நினைவேந்தலும் முழுமையடையாது.